நூலகரும் ஆசிரியரே

நூலகம் கல்லூரியின் கருவூலம் என்பர். அக்கருவூலத்தின் திறவுகோல் இன்று இரும்பாலானதன்று. என்-லிஸ்ட் போன்ற திட்டங்களின் வழி மின்னூல்களையும் மின்னிதழ்களையும் பயிலும் மாணவர் கையில் இருப்பது கடவுச்சொல்லே. திறவுகோலைத் தந்தால் மட்டும் போதுமா? அதனைக் காக்கும் வகையையும் கற்பித்தல் வேண்டாவா?

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் ஒன்பதின்மர் மீது குற்றஞ்சாட்டியது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் மின்னஞ்சல் கணக்குகளைக் குறிவைத்து, ஏறத்தாழ 8,000 கணக்குகளை அவர்கள் கைப்பற்றினர் என்பதே குற்றச்சாட்டு. ஆய்வுக் கட்டுரையைப் பாராட்டிப் பிறிதொரு பேராசிரியர் எழுதியது போன்ற மடல் தூண்டிலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், 14 நாடுகளைச் சேர்ந்த 76 பல்கலைக்கழகங்களின் பெயரில் போலிப் பக்கங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுட் பல நூலக நுழைவுப் பக்கத்தின் சாயலில் அமைந்தவை. கடவுச்சொல்லை இட்டவர் உடனே உண்மையான பக்கத்திற்கே கொண்டு செல்லப்பட்டார். ஐயம் எழ இடமேது? அக்கூட்டத்தார்க்கு ‘மௌன நூலகர்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

நூலகத்தின் பெயரால் வஞ்சகம் நிகழுமாயின், அதனைத் தடுக்கும் கடமை நூலகர்க்கும் உண்டு. ஆயினும் அவர் தனித்து நின்று ஆற்றக்கூடிய பணியன்று இது. உண்மையான நூலகம் எதைக் கேட்கும், எதைக் கேளாது என்பதை அறிந்தவர் நூலகர். இணைய முகவரியைப் பகுத்து மெய்யும் பொய்யும் காட்ட வல்லவர் கணினித் துறையினர். கலைச்சொற்களைக் கண்டு மருளும் முதல் தலைமுறை மாணவர்க்கு அவற்றை எளிய தமிழில் எடுத்துரைக்க வேண்டியவர் தமிழ்த் துறையினர். இம்மூவரும் இணைந்து, கடவுச்சொல் வழங்குமுன் ஒரு மணி நேர இணையவழிக் கருத்தரங்கேனும் நடத்துதல் வேண்டும் என்பது நம் கருத்து. வஞ்சகம் வருவது திரையின் வழியே. அதனை இனங்காணும் பாடமும் திரையிலேயே அமைதல் பொருத்தமன்றோ? தொலைவிலுள்ள மாணவரும் அதனால் பயன்பெறுவர்.

‘இது கணினித் துறையின் வேலை, நமக்கென்ன?’ என்பாரும் உளர். ஏமாந்தோர் கல்லாதவர் அல்லர், பேராசிரியர்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. ஏமாந்த மாணவரைப் பழித்தலும் தகாது. பழிக்கு அஞ்சினால் அவர் நேர்ந்ததை மறைப்பார். மறைத்தால் தீங்கு பெருகும். அஞ்சாது வந்து நூலகரிடம் உரைக்கும் துணிவை மாணவர்க்கு ஊட்டுவதே அக்கருத்தரங்கின் முதற்பயனாகும்.

நூலை எடுத்துத் தருபவர் மட்டுமல்லர் நூலகர், அவரும் ஆசிரியரே. அவரோடு துறைகள் கைகோத்தால் கருவூலமும் காக்கப்படும், கற்பாரும் காக்கப்படுவர்.