நேரத்துக்குக் கிட்டப்பார்வை

காலை 6.50. பள்ளி வேன் தெருமுனைக்கு வர இன்னும் 25 நிமிடம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பையன் ஒரு காலில் சாக்ஸ் மாட்டிவிட்டான். இன்னொன்றைத் தேடப் போனவன், கட்டிலுக்கடியில் கிடைத்த பம்பரத்தோடு பால்கனியில் நிற்கிறான். "சீக்கிரம்டா!" - சமையலறையிலிருந்து நான்காவது முறையாகக் குரல். 7.15க்கு வேன் போய்விடுகிறது. அப்பா எரிச்சலோடு ஸ்கூட்டரைக் கிளப்புகிறார். வீட்டின் தீர்ப்பு ஒரே வார்த்தைதான்: திமிர்.

டெல்லியானாலும் திருச்சியானாலும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள குழந்தை இருக்கும் பல வீடுகளில் காலை இப்படித்தான் விடிகிறது. இது நேற்று கண்டுபிடித்த கோளாறு அல்ல. லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902லேயே இத்தகைய குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களிடையே சொற்பொழிவாற்றினார். ஆனால் அவரும் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே வர்ணித்தார். மருத்துவம் அந்தக் கருத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

பையனுக்கு மணி பார்க்கத் தெரியும். 25 நிமிடம் எவ்வளவு நீளம் என்பதுதான் மனதில் உறைப்பதில்லை. 'இப்போது', 'இப்போது இல்லை' என்ற இரண்டே நேரங்கள்தான் அவனுக்கு. பம்பரம் இப்போது, வேன் இப்போது இல்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி இதைக் காலத்தைப் பொறுத்த கிட்டப்பார்வை என்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல் என்பது அவர் வாதம். கிட்டப்பார்வை உள்ள பையனை, "நன்றாக உற்றுப் பார்" என்று திட்டிக் கரும்பலகையைப் படிக்க வைக்க முடியாது. கண்ணாடிதான் வாங்கித் தர வேண்டும்.

நேரத்துக்கான கண்ணாடி விலை அதிகமில்லாதது. நேரம் கண்ணுக்கோ காதுக்கோ எட்ட வேண்டும், அவ்வளவுதான். மணல் கடிகாரம் போதும். குக்கர் விசிலும் போதும். "இரண்டாவது விசிலுக்குள் சட்டை" என்பது, "ஏழு மணிக்குள் தயாராகு" என்பதைவிட நன்றாகப் புரிகிற கட்டளை. பல் தேய்ப்பு, குளியல், சீருடை, டிபன் என்று நாலு படங்களைக் குளியலறைக் கதவில் ஒட்டலாம். பத்து வரிப் பட்டியல் பயன்படாது. பை, ஷூ, தண்ணீர் பாட்டில் மூன்றும் முந்தின இரவே வாசலருகே வந்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். பாராட்டும் அந்தக் கணமே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் என்பது அவனுக்கு அடுத்த யுகம். வீட்டுப்பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கி, நடுவே மாடிப்படி ஏறி இறங்க விடலாம். ஓடத் துடிக்கும் கால்களைக் கட்டிப்போடுவதிலேயே கவனம் செலவாகிவிட்டால் கணக்குக்கு என்ன மிஞ்சும்?

மருந்தும் உதவுகிறது. 1944ல் உருவாக்கப்பட்ட மெத்தில்ஃபெனிடேட் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். காலையில் போட்டது மாலை வீட்டுப்பாடத்துக்கு நிற்காது. நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளும் உண்டு. எதை, எப்போது என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கோளாறு இருப்பதாகவும் முடிவு கட்டிவிடக் கூடாது. வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஆறு மாதமாவது தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். மாத்திரை கவனத்தைக் கூட்டித் தரும். ஷூவைத் தேடித் தராது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அதாவது, பையனுக்கு ஒழுங்கைக் கற்றுத்தர வேண்டிய அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதே தொல்லை இருக்கலாம். மின் கட்டணம் கட்ட மறப்பவர், எந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் முடிந்த பிறகே போய்ச் சேருபவர், ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருப்பவர். வளர்ந்த பிறகு ஓட்டமும் குதியும் அடங்கி, உள்ளே ஓர் அமைதியின்மையாக மட்டும் மிஞ்சுவதால் வெளியே தெரிவதில்லை. பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப்போன இடத்தில் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டு வரும் பெற்றோர் உண்டு. சின்ன வயதில், "பொறுப்பில்லாதது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அதே சொல்லைத்தான் தினமும் காலை 6.50க்குத் தங்கள் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

குளியலறைக் கதவில் படம் ஒட்டும்போது, சமையலறைச் சுவரிலும் ஒன்று ஒட்டிக்கொள்ளலாம்.