பூச்சிக்கு வரப்பு தெரியாது... விவசாயப் பயிற்சி ஊருக்கே ஏன் தேவை?

மக்காச்சோளக் குருத்தைப் பிரித்தால் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம். அதற்குள் புழு. 2018-ல் பெரம்பலூர், அரியலூர், சேலம், நாமக்கல் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இது புது எதிரி. வழக்கமான மருந்தை அடித்தார்கள், கேட்கவில்லை. திரும்பவும் அடித்தார்கள். செலவுதான் ஏறியது.

அதுதான் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, 2018 மே மாதம் கர்நாடகாவில் கண்டுபிடிக்கப்பட்டு, சில மாதங்களில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கும் என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு.

இதைக் கட்டுப்படுத்த வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன வழிகள் கஷ்டமானவை இல்லை. கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள், இனக்கவர்ச்சிப் பொறி. அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் குருத்துக்குள் இறங்கும்படி மருந்து.

ஆனால் நீங்கள் இதையெல்லாம் செய்து, பக்கத்து வயல்காரர் எதுவும் செய்யலைன்னா? அங்கே வளர்ந்த பூச்சி உங்கள் வயலில் வந்து முட்டையிடும். அதனால்தான் இந்தப் பயிற்சி ஒருத்தருக்குக் கிடைத்தால் போதாது, ஊருக்கே கிடைக்கணும்.

வயலே வகுப்பறை

இந்த யோசனை 1989-ல் இந்தோனேசியாவில் பிறந்தது. நெல்லில் புகையான் பூச்சியை ஒழிக்க மருந்தை அடித்து அடித்து, அதைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டார்கள். புகையான் இன்னும் பெருகியது. அப்புறம்தான் 25, 30 விவசாயிகளை வாரம் ஒருநாள் வயலிலேயே உட்காரவைத்து, எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று அவர்களையே எண்ணிப் பார்க்க வைத்தார்கள்.

நம்மூரில் அட்மா திட்டத்தில் நடக்கும் பண்ணைப்பள்ளி இதே ரகம்தான். 25 விவசாயிகள், விதைப்பு முதல் அறுவடை வரை 6 வகுப்புகள். வகுப்பு முடிந்து டீக்கடைக்கு வருகிற அந்த 25 பேர்தான் உண்மையான விளம்பரம். துண்டுச்சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடலாம். எதிர் வயலில் மருந்துச் செலவு குறைந்ததைக் கண்ணால் பார்த்தால் விட முடியுமா?

அலுவலர் வரலைன்னா?

இங்கேதான் சிக்கல். 2012-13-ல் மத்திய அரசு நடத்திய ஆய்வில், நாட்டின் விவசாயக் குடும்பங்களில் சுமார் 59 சதவீதம் பேர் அரசிடமோ தனியாரிடமோ எந்தத் தொழில்நுட்ப ஆலோசனையும் பெறவில்லை என்று தெரியவந்தது. ஒரு உதவி வேளாண்மை அலுவலருக்குப் பல கிராமங்கள். மானியப் பட்டியல், பயிர்க் காப்பீடு, பதிவு வேலை எல்லாம் அவர் தலையில். வயலுக்குப் போக நேரம் எங்கே?

அந்த இடத்தை மருந்துக்கடை பிடித்துக்கொள்கிறது. வாடிய இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் பாட்டிலை எடுத்து வைப்பார். கடனுக்கும் தருவார். கடன் சொல்லி வாங்குகிறவர் "இது தேவையா?" என்று கேட்பது கஷ்டம். அரசுக்கும் இது தெரியும். ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம், கடைக்காரர்களுக்கே வேளாண்மை சொல்லித்தரும் ஓராண்டு டிப்ளமோவை 2003-ல் தொடங்கியது அதனால்தான். நல்ல முயற்சி. ஆனால், விற்றால்தான் லாபம் என்று இருப்பவர் "மருந்து வேண்டாம்" என்று எத்தனை முறை சொல்வார்?

விடுபட்டுப்போகும் இன்னொரு கூட்டம், பெண்கள். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில். குருத்தில் ஓட்டை விழுந்ததை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். வகுப்புக்கு அழைப்பு மட்டும் பட்டாவில் பெயர் இருப்பவருக்குப் போகிறது. முற்பகலில் வகுப்பு வைத்தால், அவர்கள் அப்போது வேறொருவர் வயலில் கூலிக்கு நிற்பார்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் ஊருக்கு அலுவலர் எப்போது வருவார் என்பதை உழவன் செயலியில் பார்க்கலாம். பண்ணைப்பள்ளி வேண்டும் என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் குழுவாகப் போய்க் கேளுங்கள். அவசரம் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, இலவசம், தமிழிலேயே பேசலாம். பயிருக்கு எத்தனை நாள் ஆகிறது, ஏற்கெனவே என்ன மருந்து அடித்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.