லாக்கப்புக்குள்ளும் சட்டம் உண்டு

கியா பார்ம் சந்தைக்கு மேலே உள்ள வீட்டில், வாரக் கடைசியில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதிக்கு வந்தபோது, சுங்கை பாலாஸ் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், இதெல்லாம் பரீட்சைக்குத்தானே? நம்ம மாதிரி ஆளுங்க போலீஸ் மேலே கேஸ் போட முடியுமா?"

முடியும். போட்டு வென்றும் இருக்கிறார்கள். அவனுக்கு அன்று நான் சொன்னது குகன் வழக்கு.

கார் திருட்டுச் சந்தேகத்தில் 2009 ஜனவரி 14-இல் கைதான 22 வயது குகன், ஜனவரி 20-இல் சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. சவக்கிடங்கில் உடலைப் பார்த்தார்கள், காயங்களைப் படமெடுத்தார்கள், இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த அந்தப் பரிசோதனை, அடிகளால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததாகச் சொன்னது. அந்தப் படங்களும் பிடிவாதமும் இல்லையென்றால் விஷயம் முதல் அறிக்கையோடு முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அதன்பின் இரண்டு பாதைகள். குற்றவியல் வழக்கில், காயம் விளைவித்ததாக ஒரே ஒரு காவலர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2012-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை. சட்டத்துறைத் தலைவர் முதலில் கொலை என்று வகைப்படுத்திய விவகாரம் அது என்பதை மறக்கக்கூடாது.

மற்றது சிவில் வழக்கு. குகனின் தாயார் இந்திரா 2012 ஜனவரியில் அதைத் தொடுத்தார். அந்த மாதத்தைக் கவனியுங்கள். அரசு அதிகாரிகள் மீதான வழக்கை 36 மாதங்களுக்குள் போட்டாக வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். கெடு முடியும் தறுவாயில்தான் வழக்கு பதிவானது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கெடுவை யார் சொல்வார்கள்?

குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தத் தரப்பு சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும். அடித்த கையோடு, மேலிருந்தவர்களின் பொறுப்பையும் அங்கே கேட்கலாம். 2013 ஜூன் 26-இல் உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம், சம்பவத்தின்போது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்த காலிட் அபு பாக்கார், அரசாங்கம் உள்ளிட்ட பிரதிவாதிகளைப் பொறுப்பாக்கி, 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தப் பொறுப்பை உறுதி செய்தது.

"காசு கொடுத்தா சரியாப் போச்சா சார்?" என்றாள் பின்வரிசைப் பெண். இல்லைதான். ஆனால் லாக்கப்பில் நடந்ததை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல வைத்தது அந்த வழக்குதான்.

போலீசைக் கண்காணிக்கச் சுதந்திர ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005-இல். இப்போதுள்ள சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கியது 2023 ஜூலையில். அதற்கும் தானே தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. பதினெட்டு ஆண்டு காத்திருந்ததற்கு இது போதாது.

சட்டவிதி 5, கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வழக்கறிஞரைக் கலந்துபேச விடவும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவும் சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, விசாரிக்கத் தொடங்குமுன் உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல இடமளிக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. வசதியில்லாதவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது.

கேள்வி கேட்ட மாணவனிடம் 28ஏ பிரிவை மலாயில் ஒரு தாளில் எழுதி வரச் சொன்னேன். அடுத்த வாரம் மூன்று பிரதிகளோடு வந்தான். ஒன்று அண்ணனுக்காம், அவன் லாரி ஓட்டுகிறான்.