கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை

ஒன்றையும் ஒளிக்காமல் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். புதுநன்மைக்குத் தயாராகும் சின்னப் பிள்ளைக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தருவது இது. நாற்பது வயதுப் பெண்ணிடமும் இதையேதான் எதிர்பார்க்கிறார்கள். சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் பாவசங்கீர்த்தனமே செல்லாது என்ற பயம் நம் எலும்பில் ஏறியிருக்கிறது. அந்தப் பயத்தில், பாவத்தைச் சொல்வதும் சாமியார் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வதும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டோம். இரண்டும் ஒன்றல்ல.

தவக்காலத்தில் எங்கள் சிறுமலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். காப்பித் தோட்டத்திலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் வேலை முடித்து, முகம் கழுவி, முக்காடு போட்டு வந்தவர்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? குழாயடியில் அவர்களே சொல்கிறார்கள். (ரகசியம் காக்க வேண்டியவர் சாமியார்தான், சொன்னவள் இல்லை.) வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசினேன். மாமியாரைச் சபித்தேன். அவர் கூப்பிட்டபோது போகவில்லை. முந்தின ராத்திரி அவர் குடித்துவிட்டு வந்து அடித்தது இந்தப் பட்டியலில் இல்லை. அது அவர் பாவம், அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ வரிசையிலேயே இல்லை. அடி வாங்கியவள், கோபப்பட்டதற்காக மனஸ்தாபப்பட்டு, மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லி அபராதம் தீர்க்கிறாள்.

‘கூப்பிட்டபோது போகவில்லை’ என்றதும் சில சாமியார்களுக்குக் கேள்வி பிறக்கும். ஏன் போகவில்லை? எத்தனை நாளாக? வேறு யாராவது உண்டா? யார் அது? வெளியூர்க் கோவில் ஒன்றில் என்னிடமும் இப்படிக் கேட்டார்கள். “என் பாவத்தைச் சொல்லிவிட்டேன் சாமி” என்று நிறுத்திக்கொண்டேன். பாவமன்னிப்பு கிடைத்தது.

திருச்சபைச் சட்டமே இதில் நம் பக்கம் நிற்கிறது. அதைத்தான் எந்த ஞானோபதேச வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. 1983-இல் வந்த சட்டத் தொகுப்பின் 979-ஆம் பிரிவு, கேள்வி கேட்கும் குரு விவேகத்தோடு கேட்க வேண்டும் என்கிறது. கூடப் பாவம் செய்தவரின் பெயரை அவர் கேட்கவே கூடாது. குருவுக்கும் நமக்கும் நடுவே கம்பித் தடுப்பு உள்ள இடம், விரும்புகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது 964. சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது 983. வெளியே விடாமலேயே, கேட்டதை வைத்து நமக்குக் கெடுதல் செய்யக் கூடாது என்பது 984. நடக்காத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ குருவுக்கும் பெண்ணுக்கும் இடையில் தடுப்பு வைக்கச் சொன்னதும் அழகுக்காக அல்ல.

2018-இல் கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் சிலர் மீது ஒரு புகார் எழுந்தது. பெண் ஒருத்தி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் கொண்டே அவளை மிரட்டிப் பாலியல் வன்முறை செய்தார்கள் என்பது புகார். அப்போது தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவி ரேகா ஷர்மா, பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தார். மத உரிமையில் கைவைக்கிறார்கள் என்று கத்தோலிக்க ஆயர்களும் கொதித்தார்கள். வரிசையில் நிற்கிற பெண்ணிடம் இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை கேட்டதாக நான் பார்க்கவில்லை. ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சுவரிடம்கூடச் சொல்ல முடியாததை இறக்கிவைக்க எங்கள் பெண்களுக்கு வேறு இடம் ஏது? அந்த இடத்தில் அவள் எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

991-ஆம் பிரிவுப்படி, நமக்குப் பிடித்த குருவிடம் போய்ச் சொல்லும் உரிமையும் உண்டு. மலைக்காரிக்கு அதன் அர்த்தம், பதினெட்டு வளைவு இறங்கித் திண்டுக்கல் போய்வர ஒரு நாள் கூலியை விடுவது. உள்ளூர்க் கோவிலிலேயே கம்பித் தடுப்பு வைக்கச் சொல்லிப் பங்குப் பேரவையில் கேட்பது மலிவு. கேட்கும் முன், அந்தப் பேரவையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.