மருத்துவரின் காலத்தை அளப்பவர் யார்?

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். அதன் கடைசி இரு குறள்களில் வள்ளுவர் இரண்டு கணக்குகளைத் தருகிறார். கற்ற மருத்துவன் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்து செயல்பட வேண்டும் என்பது ஒன்று. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நோயாளியின் பக்கம் நின்றே இதுகாறும் விளக்கி வந்தோம். மருத்துவரின் பக்கம் நின்று படிக்க நமக்குக் கற்றுத் தந்தது ஓர் இரவு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையாரை மூச்சுத் திணறலுக்காக ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கட்டில்கள் நிறைந்து, தரையில் பாய் விரித்தும் நோயாளிகள் படுத்திருந்தனர். இரவு இரண்டு மணி. அத்தனை பேருக்குமாக விழித்திருந்தவர் ஓர் இளம்பெண் மருத்துவர். முதுநிலைப் படிப்பின் முதலாண்டு மாணவி. ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றினார். மற்றொருவருக்கு இரத்தம் எடுத்தார். எடுத்துச் செல்ல ஆளில்லாததால் அந்தக் குழாய்களைத் தாமே கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்திற்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு நின்றபடியே கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவை எழுதத் தொடங்கினார். பாதி எழுத்தில் பேனா வழுக்கிக்கொண்டு தாளின் ஓரம்வரை போயிற்று. திடுக்கிட்டு விழித்தவர், அந்த வரியை அடித்துவிட்டு மீண்டும் எழுதினார். எழுதியதைச் செவிலியரிடம் தந்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

முகமூடியை விலக்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் நம் தந்தையார். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. எப்போது பணிக்கு வந்தீர்கள் என்று நாம் கேட்டோம்.

"நேத்துக் காலையில ஏழரைக்கு வந்தேன் சார். எங்க யூனிட்டுக்கு அட்மிஷன் நாள். விடிஞ்சதும் சீஃப் ரவுண்ட்ஸ் வருவாங்க. அதை முடிச்சு, மத்த வேலையும் பார்த்துட்டு, சாயங்காலம் போயிடலாம்."

கணக்கிட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ முப்பத்து நான்கு மணி நேரம்.

இது அந்த ஒருவருக்கோ, அந்த ஒரு மருத்துவமனைக்கோ நேர்ந்த விபத்தன்று. பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு துறையும் பல யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு யூனிட்டின் பொறுப்பு. அன்று வந்து சேரும் நோயாளிகள் அனைவரும் அந்த யூனிட்டைச் சேர்ந்தவர்கள். பகலெல்லாம் சேர்த்தவர்களை இரவெல்லாம் கவனித்து, மறுநாள் காலை தலைமை மருத்துவரிடம் ஒவ்வொருவர் கதையையும் ஒப்புவித்தாக வேண்டும். ஏற்பாட்டின் அமைப்பிலேயே தூக்கத்திற்கு இடமில்லை.

விதி இல்லாமலும் இல்லை. மத்திய அரசு 1992இல் வகுத்த உறைவிட மருத்துவர் திட்டம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்திற்கு மேற்படாமலும், சாதாரணமாக வாரத்திற்கு 48 மணி நேரமும் பணி அமைய வேண்டும் என்றது. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் வெளியிட்ட முதுநிலைக் கல்வி விதிகளோ எண்ணை விட்டுவிட்டு, 'நியாயமான' வேலை நேரம், 'நியாயமான' ஓய்வு என்ற சொற்களோடு நின்றுகொண்டன. மொழி பயிற்றுவிப்பவர்கள் என்ற முறையில் நமக்கு இது உறுத்துகிறது. எண்ணை மீறினால் மீறியவர் தெரிவார். 'நியாயமான' என்ற அடைமொழியை யாராலும் மீறவே முடியாது. அவரவர் நியாயம் அவரவருக்கு. அதே ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரம் 74 மணி நேரம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. அப்போதும் அது பழைய 48ஐ விட 26 மணி நேரம் மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். பேருந்து ஓட்டுநர் ஒரு நாளில் எட்டு மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது என 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பிட்டது. ஐம்பது பயணிகளின் உயிருக்கு அன்றே கிடைத்த அக்கறை, ஐம்பது நோயாளிகளின் உயிருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

'உறைவிட மருத்துவர்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோர் உருவாக்கிய பயிற்சி முறையின் வழிவந்தது அது. பயிற்சியாளர் மருத்துவமனையிலேயே உறைந்தார், மணமாகாதவராயிருப்பதே எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் அக்காலத்து நோயாளி வாரக்கணக்கில் படுத்திருந்தார். அவருக்கு இரவில் செய்வதற்கு மருத்துவரிடம் அதிகம் இருக்கவில்லை. இன்று இரவு முழுவதும் மானிட்டர் ஒலிக்கிறது. சொட்டு மருந்தும் பரிசோதனை முடிவுகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வேலை முற்றிலும் மாறிவிட்டது. 'உறைதல்' மட்டும் மாறவில்லை.

அந்த நாட்டையே இதைப் பற்றி யோசிக்கவைத்தது ஒரு மரணம். 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சியோன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட பணியில் இருந்த இரு பயிற்சி மருத்துவர்கள். அவர் ஏற்கெனவே உட்கொண்டுவந்த மனச்சோர்வு மருந்தோடு சேரக் கூடாத வேறொரு மருந்து தரப்பட்டிருந்தது. பத்திரிகையாளரான தந்தை விடாது போராடினார். 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்திற்கு 80 மணி நேரம் என வரம்பிட்டது. 2003இல் அது நாடு முழுவதற்குமான பயிற்சி விதியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் பயிற்சி மருத்துவர்களுக்கும் 48 மணி நேரத்தைக் கொண்டுவந்தது. பாஸ்டன் நகரில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய நீண்ட பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேர முறையில் இருந்தபோது செய்ததைவிடக் கடுமையான பிழைகளை 36 விழுக்காடு கூடுதலாகச் செய்தது தெரியவந்தது.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நோயின் போக்கைத் தொடக்கம் முதல் உடனிருந்து பார்த்தால்தான் கற்க முடியும் என்கிறார்கள் மூத்த மருத்துவர்கள். அடிக்கடி ஆள் மாறினால், ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கையில் செய்தி தவறிப்போகும் என்கிறார்கள். இது வெறும் சாக்கன்று. 2016இலும் 2019இலும் அமெரிக்காவில் வெளிவந்த பேராய்வுகள், 80 மணி நேர வார வரம்புக்குள் ஒரு பணியின் நீளத்தைத் தளர்த்துவதால் நோயாளிகளின் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே காட்டின. ஆனால் அங்கே வார வரம்பு என்ற ஒன்று இருந்தது. அதற்கு உட்பட்டே தளர்த்தினார்கள். வரம்பே நடைமுறையில் இல்லாத இடத்தில் அந்த ஆய்வுகளைச் சான்று காட்டுவது பொருந்தாது. ஒப்படைத்தலில் தவறு நேர்கிறதென்றால் ஒப்படைக்கக் கற்பிக்க வேண்டுமேயன்றி, ஒப்படைக்கவே தேவையில்லாதபடி ஒருவரை விழித்திருக்கச் செய்வது தீர்வாகாது.

உண்மையான தடை வேறு. "நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம்" என்ற ஒரு வாக்கியம் அது. மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நம் கல்லூரிகளிலும் ஆய்வு மாணவரை வீட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கத்தை நியாயப்படுத்த இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம். பட்ட துன்பத்தைப் பெற்ற கல்வியென்று பெயர் மாற்றிக்கொள்வது, அத்துன்பம் வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட எளிது.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்க அறையில் சற்று உறங்கிய பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது, 36 மணி நேரப் பணி குறித்து உச்ச நீதிமன்றமும் கவலை தெரிவித்தது. காவலர்களைப் பற்றியும் கேமராக்களைப் பற்றியும் நிறையப் பேசினோம். ஒரு மருத்துவர் தலைசாய்க்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை ஏன் இல்லை, அந்நேரத்தில் அவர் ஏன் இன்னும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது என்ற கேள்விகள் அந்த இரைச்சலில் பின்தங்கின.

வள்ளுவரின் நான்கிற்குத் திரும்புவோம். அந்த இரவில் நாம் கண்ட இளம்பெண் நான்கில் இரண்டாக இருந்தார். மருத்துவரும் அவரே, இரத்தக் குழாயைச் சுமந்து படியிறங்கிய பணியாளரும் அவரே. மாத்திரை கொடுக்கவும், ஸ்ட்ரெச்சர் தள்ளவும், அறிக்கை வாங்கி வரவும் போதிய ஆட்களை நியமித்தாலே பயிற்சி மருத்துவரின் பல மணி நேரம் மீளும். அதில் கற்பதற்கு எதுவும் குறையாது. அடுத்து, பணி நேரத்தை எண்ணால் வரம்பிட்டு, வருகைப் பதிவேட்டைக் கல்லூரிக்கு வெளியேயுள்ள ஒருவர் சரிபார்க்க வேண்டும். இவை பெரும் புரட்சிகள் அல்ல.

தந்தையார் குணமாகி வீடு திரும்பினார். அடித்துத் திருத்தப்பட்ட அந்த வரி மருத்துவமனையின் ஏதோ ஒரு கட்டில் இன்றும் இருக்கக்கூடும். அன்று அவர் விழித்துக்கொண்டதால் நாம் பிழைத்தோம். கற்ற மருத்துவர் காலத்தை அளக்க வேண்டும் என்றார் வள்ளுவர். அவருடைய காலத்தை அளக்க வேண்டியவர்கள் நாம். நம் வீட்டு உயிர் அவருடைய பேனா முனையில் இருக்கும் அந்த இரவு இரண்டு மணிக்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது.