நாற்பதுக்குப் பின் கர்ப்பம்: வெட்கம் எதற்கு?

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் உம்மா கர்ப்பமானால் நமதூர்களில் என்ன நடக்கிறது? கேலிக்குப் பயந்து, வயிறு தெரியும்வரை மறைக்கிறார்கள். வயதைவிட இந்த மறைப்பே எனக்குக் கவலை தருகிறது. வயதை மாற்ற முடியாது; மறைப்பதை நிறுத்தலாம்.

40 வயதில் கருத்தரித்தால் சீனி, பிரஷர், கருச்சிதைவு ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு, 20 வயதில் சுமார் 1,500க்கு 1 ஆக இருப்பது, 40இல் 100க்கு 1 அளவுக்கு உயர்கிறது. ஆனாலும் உரிய கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலான பிரசவங்கள் நலமாகவே முடிகின்றன.

அந்தக் கண்காணிப்பு இலங்கையில் இலவசம். மருத்துவமாது வீடு தேடி வருகிறார். 8 வாரங்களுக்குள் பதிவு செய்யுமாறு சுகாதாரத் துறை கேட்கிறது. சிசுவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 4 வாரங்களிலேயே மூடிவிடும். எனவே போலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் கிளினிக் செல்லும் தாய் இந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார். பழைய சீனியும் பிரஷரும் அதுவரை கவனிப்பாரின்றிக் கிடக்கும்.

நிக்காஹ் செய்து வாழும் தம்பதிக்குக் கிடைத்த பிள்ளைக்காக ஏன் தலைகுனிய வேண்டும்? கேலி பேசுவோரைக் குடும்பத்துப் பெரியவர்கள் கண்டிக்கட்டும். குத்பாக்களிலும் இது பேசப்படட்டும். கணவன்மாரே, முதல் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.