வெடித்தது டயர், குற்றம் யாருடையது?

"டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது" என்றே செய்திகள் எழுதுகின்றன. அவ்வாக்கியத்தில் டயர்தான் எழுவாய். மனிதர் எவரும் இல்லை. டயர் தன் விருப்பத்தால் வெடித்ததைப் போலவும், மற்றதெல்லாம் விதி என்பதைப் போலவும் நாமும் கடந்துபோகிறோம். இந்த வசதியான மௌனத்தை ஏற்க இயலாது.

ஒவ்வொரு டயரும் தன் வரம்பைப் பக்கச்சுவரிலேயே தாங்கி நிற்கிறது. "165/80 ஆர்14 85டி" என்றிருந்தால் 85 என்பது சுமை எண். அது 85 கிலோ அன்று. 515 கிலோவுக்கான குறியீடு. 82 என்றால் 475 கிலோ. எண்ணில் மூன்று குறைந்தால் நான்கு டயர்களிலும் சேர்த்து 160 கிலோ குறைகிறது. அது இரண்டு பெரியவர்களின் எடை.

"நான்கும் சேர்ந்து 2,060 கிலோ தாங்குமே, நம் கார் அவ்வளவு வருமா?" என்பார்கள். இக்கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒன்று, எடை நான்கு சக்கரங்களிலும் சமமாக அமர்வதில்லை. பின்னிருக்கையில் நால்வரும் டிக்கியில் அரிசி மூட்டைகளும் இருந்தால், பெரும்பாரம் பின் அச்சின் மீதே விழுகிறது. மற்றொன்று, 515 கிலோ என்பது உரிய காற்றழுத்தம் இருக்கும் வரையில்தான். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது, அவ்வளைவு வெப்பமாகிறது, வெப்பம் உள்ளடுக்குகளின் பிணைப்பைத் தளர்த்துகிறது. கோடைகால நெடுஞ்சாலை எஞ்சியதை முடித்துவைக்கிறது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பது சான்றன்று. சேதம் உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது என்பதே உண்மை.

மிகைச்சுமை ஏற்றும் லாரிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. நன்று. ஆனால் குடும்பத்தோடு செல்லும் காரை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பவர் எவர்? அங்கே நமக்கிருக்கும் ஒரே காவல் அந்த எண்தான். அதையோ விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. "அதே சைஸ்தான் சார், தாராளமாகப் போடலாம்" என்ற ஒற்றைச் சொல்லில் வணிகம் முடிகிறது. அளவு ஒன்றாயிருந்தும் சுமை எண் வேறாயிருக்கலாம் என்பதை யார் உரைப்பது?

ஆகவே கேட்கிறேன்: டயர் ரசீதில் சுமை எண்ணை எழுதுவதைக் கட்டாயமாக்குக. வாகனக் கையேடு கூறும் எண்ணைவிடக் குறைந்ததைப் பொருத்துவதைத் தடைசெய்க. ஓட்டுநர் உரிமத் தேர்வில் இதையும் ஒரு வினாவாக்குக. அதுவரை, கடையில் விலை பேசுமுன் பக்கச்சுவரைப் படியுங்கள்; எண் குறைந்திருந்தால் தள்ளுபடி எவ்வளவாயினும் மறுத்துவிடுங்கள்.